எங்கிருந்தாலும் உடனடியாக வரவும்

பஸ் கிளம்பியதற்கு நான்தான் காரணம் என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் அக்கா. அந்தக் கண்டக்டர் முசிறி பஸ் ஸ்டாண்டில் இறங்கினவர்தான், டீக்கடையில் நின்று யாரிடமோ மச்சினன் கல்யாணக் கதை பேசிக்கொண்டே இருந்தார். உள்ளே இத்தனை பேர் வெந்துகொண்டிருக்கிறோம். நான் வெறுமனே "போலாம் ரைட்" என்றேன். அவர் குரலில். அவ்வளவுதான் செய்தேன். டிரைவர் எடுத்துவிட்டார். பாவம், டீ கிளாஸோடு ஓடி வந்து தொற்றிக்கொண்டார். கிளாஸ் இன்னும் கையில்தான் இருக்கிறது பாருங்கள். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் டிக்கெட் கொடுக்கிறார்.

நீங்கள் ஒருத்தர்தான் கண்டுபிடித்தீர்கள். திரும்பிப் பார்த்துச் சிரித்தீர்கள் இல்லையா, அதனால்தான் முன் சீட்டை விட்டுவிட்டு உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன்.

யாரிடமும் கற்றுக்கொண்டதில்லை. தானாக வரும். எங்கள் பங்குச் சாமியார் வருவார், மீன்காரம்மா வருவார், கணக்கு டீச்சர் வருவார். குக்கர்கூட வரும். ஒரு நாள் கொல்லையில் நின்று நான் விசில் கொடுக்க, அம்மா அதை எண்ணி அடுப்பை அணைத்துவிட்டு, அரிசி வேகவில்லை என்று குக்கர் விற்ற கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டாள். உங்கள் குரலா? இருங்கள். "கொஞ்சம் தள்ளி உக்காரும்மா, பையில பலகாரம் இருக்கு, நசுங்கிரும்." எப்படி? பாதி வந்திருக்கிறது. கரூர் போய்ச் சேர்வதற்குள் முழுசாக வந்துவிடும்.

கரூருக்குத்தான் நானும் போகிறேன். அங்கே ஒருத்தி இருக்கிறாள். என்னோடு பேசமாட்டேன் என்கிறாள். ஒரு வரி அக்கா. ஒரே ஒரு வரி எழுத மறந்துவிட்டேன். அதற்குப் போய் ஒருத்தி ஊரை விட்டே போய், போனை எடுக்காமல் இருப்பாளா? நீங்கள் பெரியவர்கள், நீங்களே நியாயம் சொல்லுங்கள். என் பக்கத்தை இதுவரை யாரும் முழுசாகக் கேட்கவில்லை. அம்மா கேட்கவில்லை. அவள் கரண்டியால் கேட்டாள்.

பிளஸ் டூ பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த லீவு அது. துறையூரில் எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு பேக்கரி. அதன் மாடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர். கீழே பப்ஸ் வேகும், மேலே நாங்கள் வேகுவோம். வெப்சைட் செய்யக் கற்றுத்தருவதாக வாசலில் போர்டு. வெப்சைட் எல்லாம் கடைசியில்தான். முதலில் சின்னச் சின்னப் பயிற்சி. பெயரைக் கேட்டு வணக்கம் சொல்லும் பக்கம். பட்டனைத் தொட்டால் கலர் மாறும் பக்கம். காலையா மாலையா என்று பார்த்து அதற்குத் தகுந்தபடி பேசும் பக்கம். இதற்கெல்லாம் ஜாவா ஸ்கிரிப்ட் என்று ஒன்று எழுதணும். நாம் சொன்னதைச் சொன்னபடி செய்யும். சொல்லாததைச் செய்யவே செய்யாது. அங்கேதான் எனக்கும் அதற்கும் ஒத்துவரவில்லை. வீட்டில் சொல்லாததைச் செய்ததற்காகவே அடி வாங்கி வளர்ந்தவள் நான்.

சிஸ்டம் கம்மி, பிள்ளைகள் ஜாஸ்தி. அதனால் ஒரு சிஸ்டத்துக்கு இரண்டு பேர். பையன்கள் ஜன்னல் பக்கம், பெண்கள் சுவர்ப் பக்கம். எனக்கு ஜோடியாக வந்து உட்கார்ந்தவள்தான் செந்தமிழ்ச்செல்வி. எல்லோருக்கும் செல்வி. அவள் அப்பாவுக்கு மட்டும் முழுப் பெயர். அந்தக் கதைக்கு வருகிறேன்.

அமலதாஸ் சார் ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஒருத்தி வாயால் சொல்லணும், ஒருத்தி கையால் அடிக்கணும். "அதாவது என்ன விஷயம்னா, வாயும் கையும் ஒரே ஆளுகிட்ட இருந்தா மூளை தூங்கிரும்" என்பார். அவர் எதைச் சொன்னாலும் முன்னால் 'அதாவது என்ன விஷயம்னா' போட்டுத்தான் சொல்வார். பாத்ரூம் எங்கே என்று கேட்டாலும் அதாவது என்ன விஷயம்னாதான். மாறி மாறிச் செய்யணும் என்பது சட்டம். நாங்கள் மாறவே இல்லை. நான்தான் வாய், அவள்தான் கை.

நான் சும்மா சொல்வேனா? அடைப்புக்குறி திறக்கணும் என்றால் கண்டக்டர் வந்துவிடுவார். "உள்ள போ, உள்ள போ, அடைப்பு தெறந்துருக்கு, படியில நிக்காத." வரியை முடிக்காமல் விட்டால் கணக்கு டீச்சர். "ஒரு வரிய முடிக்கத் தெரியாதவளுக்கு மத்தியானம் சோறு எதுக்கு?" செல்வி சத்தம் போட்டுச் சிரிக்கமாட்டாள். தோள் மட்டும் குலுங்கும். குலுங்கிக்கொண்டே அடிப்பாள், ஒரு தப்பு இருக்காது.

பக்கத்தை ஓடவிட்டால் நடுவில் ஒரு சின்னப் பெட்டி வந்து நிற்கும். 'வணக்கம் செல்வி' என்று எழுத்து. கீழே ஓகே. அதை அழுத்தினால் மறையும். அலர்ட் பெட்டி என்று பெயர். ஆனால் ஊமைப் பெட்டி. அந்த சிஸ்டங்களுக்கு ஸ்பீக்கரே கிடையாது. பெட்டி வந்து ஊமையாக நிற்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியுமா? அதனால் பெட்டி வந்தால் அதில் என்ன இருக்கிறதோ அதை நான் சொல்வேன். காலை வணக்கம் என்றால் சாமியார். தவறான எண் என்றால் மின்சார ஆபீஸ்காரர். கிளாஸ் முழுக்கப் பழகிவிட்டது. "சார், எங்க சிஸ்டத்துக்கும் மெர்சிய மாட்டி விடுங்க சார்" என்று பையன்கள் கேட்பார்கள். மெர்சி நான்தான். இவ்வளவு நேரம் பெயரே சொல்லாமல் பேசிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு தடவை செல்வி வர லேட். நானே அடித்துப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். 'அமலதாஸ் சார் ஒழிக' என்று ஒரு பெட்டி. அது திரும்பத் திரும்ப வருகிற மாதிரி ஒரு லூப். லூப் என்றால் சுற்று. ஒரே வேலையைச் சுற்றிச் சுற்றிச் செய்யும். எத்தனை சுற்று என்று சொல்லி, ஒவ்வொரு சுற்று முடியும்போதும் எண்ணில் ஒன்று கூட்டச் சொல்லணும். நான் கூட்டச் சொல்லவில்லை. கூட்டாவிட்டால் எண் ஏறாது. எண் ஏறாவிட்டால் கம்ப்யூட்டருக்கு எப்போதுமே அதுதான் முதல் தடவை. ஓகே அழுத்தினால் அமலதாஸ் சார் ஒழிக. மறுபடி ஓகே, மறுபடி ஒழிக. சார் பக்கத்து வரிசைக்கு வந்துவிட்டார். எனக்கு வேர்த்துக் கொட்டுகிறது. செல்வி வந்து பின்னால் நிற்கிறாள், நிற்கிறாள், நின்றுகொண்டே இருக்கிறாள். கடைசியில் குனிந்து சொன்னாள்.

"பெட்டிக்குள்ளயே கீழ பாருடி. ஒரு குட்டிக் கட்டம் இருக்குல்ல. இனிமே இந்தப் பெட்டிய காட்டாதேன்னு பக்கத்துல இங்கிலீஷ்ல போட்டிருக்கு பாரு. அதுல டிக் போட்டு ஓகே குடு. நின்னுரும்."

நின்றது.

"இத மொதல்லயே சொல்றதுக்கு என்னடி?"

"நீ வேர்த்து நிக்கிறது பாக்க நல்லா இருந்துச்சு."

அப்படிப்பட்டவள் அக்கா. இப்போது நினைத்தாலும்... சரி, விடுங்கள். இது பாலமா? காவிரியில் தண்ணீரே இல்லை பாருங்கள்.

அவள் அப்பா மைக் வேலாயுதம். துறையூரில் யாரைக் கேட்டாலும் தெரியும். ஒரு ஆட்டோ, தலையில் இரண்டு குழாய். ஜவுளிக்கடைத் தள்ளுபடி, கண் பரிசோதனை முகாம், காணாமல் போன ஆடு, யாராவது தவறிவிட்டால் அது. எல்லாம் அவர் வாயால்தான். மற்றவர்கள் மாதிரி ஒரு தடவை பதிந்து வைத்துவிட்டு ஓடவிடமாட்டார். ஓட்டுவது மச்சான், பேசுவது இவர், ஒவ்வொரு தெருவிலும் புதுசாக. "பதிஞ்சு வச்சா அது சத்தம் பாப்பா, பேச்சு இல்ல" என்பார்.

சாயங்காலம் கிளாஸ் முடிகிற நேரத்துக்கு ஆட்டோ பேக்கரிக்கு முன்னால் வந்து நிற்கும். மற்ற அப்பாக்கள் போன் செய்வார்கள், இல்லை ஹாரன் அடிப்பார்கள். இவர் மைக்கை எடுப்பார். "கணினி பயிலும் என் அன்பு மகள் செந்தமிழ்ச்செல்வி அவர்கள் எங்கிருந்தாலும் உடனடியாக ஆட்டோவிற்கு வரவும்." கடைத்தெரு முழுக்கக் கேட்கும். திருவிழாவில் தொலைந்த பிள்ளையைத் தேடுகிற மாதிரி. எங்கிருந்தாலும் என்ன எங்கிருந்தாலும், மாடியில்தான் இருக்கிறாள் என்று அவருக்குத் தெரியும். பையன்கள் டேபிளைத் தட்டுவார்கள். செல்வி முகம் சிவந்து, பையைத் தூக்கிக்கொண்டு, தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு ஓடுவாள். பாட்டில் அவருக்கு. வெயிலில் கத்தி கத்தித் தொண்டை காய்ந்திருக்கும் இல்லையா. மாடிப்படியிலிருந்தே அவள் திட்டுவது மேலே கேட்கும். "மானத்த வாங்காதீங்கப்பா. தண்ணி குடிச்சிட்டு வாங்க, போலாம்." தினமும் அதே அறிவிப்பு, தினமும் அதே பதில்.

அவர் குரலை எடுக்க எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. அடியில் ஒரு கரகரப்பு இருக்கும். 'செந்தமிழ்ச்' என்கிற இடத்தில் ஒரு சின்ன நிறுத்தம், பிறகுதான் செல்வி. கடைசியில் கண்டுபிடித்தேன். எவர்சில்வர் டம்ளரை வாய்க்கு முன்னால் சரித்து வைத்துப் பேசினால் அந்தக் குழாய்ச் சத்தமும் வந்துவிடும். ஒரு நாள் அவர் வருவதற்கு முன்னால் நான் டம்ளரில் பேசினேன். செல்வி பாட்டிலைத் தூக்கிக்கொண்டு பேக்கரி வரைக்கும் ஓடிவிட்டாள். திரும்பி வந்து என்னை அடித்த அடி இருக்கிறதே.

அது அவர் காதுக்குப் போனது. மறுநாள் என்னைக் கீழே கூப்பிட்டார். திட்டத்தான் போகிறார் என்று நினைத்துக்கொண்டு போனேன். ஆட்டோவில் உட்கார வைத்து, மைக்கைக் கையில் கொடுத்து, "எங்க, என்னைச் சொல்லு" என்றார். நானும் சொன்னேன், டம்ளர் இல்லாமலே. அவர் ரோட்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டார். பூக்காரம்மா அவரையும் பார்த்தாள், குழாயையும் பார்த்தாள். "அடி ஆத்தீ, இனிமே எனக்குத் தொண்டை கட்டுனா கவலையில்ல. நீ வந்து பேசிரு பாப்பா" என்றார் செல்வி அப்பா. இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளணும். அவரே கொடுத்த அனுமதி. எல்லோரும் என்னைத் திட்டும்போது இதை மட்டும் யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

செய்து காட்டவா? இருங்கள் அக்கா, கடைசியில் செய்கிறேன். இப்போதே செய்தால் டிரைவர் பஸ்ஸை நிறுத்திவிடுவார்.

மே மாதம் நடுவில் செல்வி அப்பா போய்விட்டார். மார்க்கெட் முன்னால், சேலைக்கடைக்குப் பேசிக்கொண்டிருக்கும்போது. 'அன்பார்ந்த தாய்மார்களே' என்று ஆரம்பித்தாராம். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. மைக் ஆனில்தான் இருந்திருக்கிறது. காய்கறிக்காரர்கள் எல்லாம் மைக் ரிப்பேர் என்று நினைத்தார்களாம். மச்சான் தலையைத் திருப்பாமலே, "ஒயர ஆட்டிப் பாரு மாமா" என்று சொல்லிக்கொண்டே ஓட்டியிருக்கிறார்.

அவர் சாவை அறிவிக்க ஊரில் வேறு ஆள் இல்லை. வெளியூரிலிருந்து ஒரு ஆட்டோ வந்தது. பதிந்த குரல், யாரோ ஒரு ஆள், நியூஸ் வாசிக்கிற மாதிரி. செல்வி அதுவரை அழவில்லை, அப்போதும் அழவில்லை. "யாரையோ சொல்ற மாதிரி சொல்றாங்கடி" என்றாள். அந்த வீட்டில் நான் வாயைத் திறக்கவே இல்லை அக்கா. எங்கே திறந்துவிடுவேனோ என்று அம்மா என் தொடையைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

கருமாதி முடிந்து கிளாசுக்கு வந்தாள். நான் சொன்னேன், அவள் அடித்தாள். கண்டக்டர் இல்லை, டீச்சர் இல்லை, என் சொந்தக் குரலில்தான் சொன்னேன். யார் இது பேசுவது என்பது போலத் திரும்பிப் பார்த்தாள். அதுவரை என் குரலை அவள் கேட்டதே இல்லை போல.

சாயங்காலம்தான் தாங்க முடியாது. ஆட்டோ வரும் நேரம் வந்தால் கிளாசே அடங்கிவிடும். பையன்கள்கூட. கீழே பேக்கரியில் தட்டு வைக்கும் சத்தம் மேலே கேட்கும். செல்வி பையை மடியில் வைத்துக்கொண்டு, பாட்டிலையும் நிரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கூப்பிடாமல் எப்படிக் கிளம்புவது என்று அவளுக்குத் தெரியவில்லை. நான்தான் "வாடி போலாம்" என்பேன். வருவாள். பாட்டிலை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோவாள்.

எனக்கு அமைதி ஒத்துக்கொள்ளாது. எங்கள் வீட்டில் அழுகிறவர்களைச் சிரிக்க வைப்பதுதான் என் வேலை. தாத்தா போனபோது அவர் இருமுவது மாதிரி இருமி அத்தைகளைச் சிரிக்க வைத்தவள் நான். இவள் சிரித்து எவ்வளவு நாள் ஆகிறது, ஒரு தடவை அந்தத் தோள் குலுங்கினால் போதும் என்று இருந்தது. வேறு என்ன எண்ணம் எனக்கு?

அந்த வாரம் சார் லூப் பயிற்சிதான் கொடுத்திருந்தார். ஒரு செய்தி மூன்று தடவை வந்துவிட்டு நிற்கணும். நான் மத்தியானமே போய், யார் உதவியும் இல்லாமல், நானே அடித்தேன். ஒவ்வொரு எழுத்தையும் தேடித் தேடி. பெட்டியில் என்ன போட்டேன் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். அமலதாஸ் சாரிடம் டம்ளர் வாங்கிக்கொண்டு, யூபிஎஸ் பேட்டரி வைத்திருக்கும் ரேக்குக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். அங்கிருந்து பார்த்தால் அவள் முதுகு மட்டும் தெரியும். கிளாஸ் முடியும் நேரம். பையன் ஒருத்தனிடம் சொல்லி வைத்திருந்தேன். "செல்வி, மெர்சி உனக்கு ஒரு புரோகிராம் போட்டு வச்சிட்டுப் போயிருக்கா, ஓடவிட்டுப் பாப்பியாம்" என்றான்.

ஓடவிட்டாள். மவுஸ் சத்தம் கேட்டது. பெட்டி வந்திருக்கும். நான் டம்ளரைச் சரித்தேன்.

"கணினி பயிலும் என் அன்பு மகள் செந்தமிழ்ச்... செல்வி அவர்கள் எங்கிருந்தாலும் உடனடியாக ஆட்டோவிற்கு வரவும்."

என் வாழ்க்கையில் அப்படி வந்ததே இல்லை அக்கா. கரகரப்பு, நிறுத்தம், எல்லாம். கீழே பேக்கரியில் தட்டுச் சத்தம் நின்றுவிட்டது.

செல்வி அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஓகே அழுத்தினாள். பெட்டி மறுபடி. நான் மறுபடி சொன்னேன். மறுபடி ஓகே. மூன்றோடு நிற்கணும். நிற்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடக் கடவுளே, ஒன்று கூட்டச் சொல்லும் வரியை இந்தத் தடவையும் விட்டுவிட்டேன். ஆனால் பாதியில் எப்படி விடுவது? பெட்டி வந்தால் பேசுவது என் வேலை. அவள் அழுத்த அழுத்தச் சொன்னேன். அவள் தோள் குலுங்கியது. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. வந்துவிட்டாள், சிரித்துவிட்டாள் என்று இன்னும் நன்றாகச் சொன்னேன். கிளாஸ் முழுக்க எழுந்து நிற்கிறது. அமலதாஸ் சார் ரூமை விட்டு வெளியே வந்து கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். ஒருத்தரும் நிறுத்தச் சொல்லவில்லை. ஓகே, பெட்டி, நான். ஓகே, பெட்டி, நான். வேகமாகக்கூட அழுத்தவில்லை அவள். நான் முழுசாகச் சொல்லி முடித்த பிறகுதான் ஒவ்வொரு தடவையும் அழுத்தினாள்.

தொண்டை காய்ந்துபோய்விட்டது. 'எங்கிருந்தாலும்' என்கிற இடத்தில் குரல் உடைந்தது. உடைந்து, என் குரல் வெளியே வந்துவிட்டது. கீச்சென்று.

அவள் ஓகே அழுத்தினாள். எனக்குச் சத்தம் வரவில்லை. இன்னொரு தடவை அழுத்தினாள். வரவில்லை. அப்புறம் திரும்பினாள். நான் ரேக்குக்குப் பின்னாலிருந்து எழுந்து, டம்ளரைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துச் சிரித்துக்கொண்டு நின்றேன். அவள் முகம் முழுக்க நனைந்திருந்தது, கண் சிவந்திருந்தது. கோபம் வந்தால் சிலருக்கு அப்படித்தானே ஆகும். மடியிலிருந்த பாட்டிலை எடுத்து என் பக்கம் நீட்டினாள்.

"மெர்சி, தண்ணி குடிச்சிட்டு வா" என்றாள்.

அதை எப்படிச் சொன்னாள் என்று உங்களுக்குச் செய்து காட்டணும் என்று பார்க்கிறேன். எல்லாக் குரலும் வருகிறது. அது மட்டும் வரமாட்டேன் என்கிறது.

வெளியே போடி என்பதைத்தான் நாசூக்காகச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுப்பது? அத்தனை பேர் முன்னால். நானும் விளையாட்டாகவே, "போதும்டி, என் உசுரே போயிருச்சு, அத நிறுத்து மொதல்ல" என்று சொல்லிவிட்டு, பாட்டிலை வாங்காமல் கீழே இறங்கிப் போய்விட்டேன். பேக்கரியில் ஒரு பப்ஸ் வாங்கித் தின்றேன். வேண்டுமென்றே மெதுவாக. அவள் கோபம் ஆறட்டும் என்று. பேக்கரி அண்ணன் காசு வாங்கவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை.

மேலே வந்தால் அவள் இல்லை. பின் மாடிப்படி வழியாகப் போய்விட்டாள். சிஸ்டம் அப்படியே இருக்கிறது. பெட்டி நிற்கிறது, ஓகே அழுத்தச் சொல்லி. யாரும் அதைத் தொடவில்லை. அமலதாஸ் சார் என்னைப் பார்த்து, "அதாவது என்ன விஷயம்னா" என்று ஆரம்பித்தார். அதற்குப் பிறகு அவருக்கு ஒன்றும் வரவில்லை. முதல் தடவையாக.

அவ்வளவுதான் நடந்தது. மறுநாள் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. அவள் பெரியப்பா வந்து அம்மாவையும் அவளையும் கரூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். போன் செய்தால் முழு ரிங்கும் போகும். எடுக்கமாட்டாள். என் நம்பரை பிளாக் பண்ணவும் இல்லை, அதுதான் புரியவில்லை. ரிங் போகும், போகும், தானாக நிற்கும். கிளாசில் ஒருத்தரும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. சாவு வீட்டுக்காரியைக் கேலி செய்தவள் என்று பெயர். கேலியா அது? யாராவது சொல்லட்டும், அதில் கேலி எங்கே இருந்தது? ஒரு வரி விட்டுப்போயிற்று. அது முடிவில்லாமல் ஓடிவிட்டது. மூன்றோடு நின்றிருந்தால் சிரித்திருப்பாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை நாலு அடி அடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பாள். அந்த ஒரு வரியால் வந்ததுதான் எல்லாம்.

அதனால்தான் போகிறேன். இதோ, போனில் பாருங்கள். சரிசெய்துவிட்டேன். கூட்டச் சொல்லும் வரி இருக்கிறது பாருங்கள், இங்கே. மூன்றுகூட வைக்கவில்லை, ஒன்றுதான். ஒரே ஒரு தடவை வரும், நின்றுவிடும். இனிமேல் அது அவளைத் தொந்தரவு செய்யவே செய்யாது. அவளிடம் காட்டி, இதோ பாருடி, நின்றுவிட்டது என்று சொன்னால் கோபம் போய்விடும் இல்லையா?

மாயனூர் தாண்டிவிட்டதா? அப்படியென்றால் பக்கத்தில் வந்துவிட்டோம்.

என்ன கேட்டீர்கள்?

அந்தக் கட்டமா? ஆமா. டிக் போடுகிற கட்டம். இருந்திருக்கும். இரண்டாவது பெட்டியிலிருந்தே அது வந்துவிடும், எந்தச் சிஸ்டத்திலும் வரும். தெரியும் அக்கா, அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள்தானே எனக்கே காட்டினாள். ஒரு டிக் போட்டால்...

போடவில்லை.

அவ்வளவு நேரமும் அது அவள் கண் முன்னால்தானே இருந்திருக்கும். மவுஸ் ஓகே மேலேயே இருந்திருக்கும். ஒரு தடவைகூட... நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் இருந்து, அப்புறம்தான்.

சிரிக்கவில்லை இல்லையா அக்கா அவள்.

இல்லை, ஒன்றும் இல்லை. தூசி. இந்த ஜன்னல் சரியாக மூடாது.

பாட்டிலை நீட்டினாள். அவருக்கு வைத்திருந்த பாட்டில். நான் போய்ப் பப்ஸ் தின்றுகொண்டிருந்தேன்.

போனை உள்ளே வைத்துவிடுகிறேன். அது வேண்டாம். எதற்கு அது. கரூர் வந்துவிட்டது, கண்டக்டர் அந்தக் கிளாஸைப் பிடித்துக்கொண்டே படிக்கு வந்துவிட்டார் பாருங்கள். செல்வியின் பெரியப்பா வீடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்தானாம். மாடி வீடு என்றார்கள். கீழே தெருவில் நின்று கூப்பிட்டால் கேட்கும்.

உங்களுக்கு அந்தக் குரலைக் கடைசியில் செய்து காட்டுகிறேன் என்று சொன்னேன். தப்பாக நினைக்காதீர்கள் அக்கா. அதை இப்போது இங்கே செலவழிக்க வேண்டாம் என்று பார்க்கிறேன்.

உங்கள் பையில் தண்ணீர் இருக்கிறதா? கொஞ்சம் கொடுங்கள். குடித்துவிட்டுப் போகிறேன்.